சாந்தாமணியின் வாயில் செங்கோடன் பல்

கல்லடிப்பாளையத்தில் தறி ஓடாத பொழுது கிடையாது என்பதாலும், தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது என்பதாலும், அந்த ஊர்க்காரர்கள் ஒருவர் பேசுவதை மற்றவர் வாயைப் பார்த்தே தெரிந்துகொள்ளப் பழகியிருந்தார்கள். அப்படி வாயையே பார்த்துப் பார்த்து, யாருக்கு எந்தப் பல் சொத்தை, யாருக்கு எது ஆடுகிறது, எவள் தெற்றுப்பல்லை உதட்டால் மூடிச் சிரிக்கிறாள் என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த வாய்கள் ஆகையால் ஊரில் பிறந்த எவருக்கும் பல் வெள்ளையாக இருந்ததில்லை. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போதே காவி வரி ஓடித்தான் முளைக்கும், நாற்பதைத் தொடுவதற்குள் பழைய சுண்ணாம்புச் சுவராகப் பொரியும். வெளியூரில் பெண் கேட்கப் போனால் மாப்பிள்ளையை உட்காரவைத்து முதலில் சிரிக்கச் சொல்வார்கள். சிரித்த பிறகு பாதிச் சம்பந்தம் காப்பியோடு முடிந்துபோகும்.

அப்படிப்பட்ட ஊருக்கு ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் சாந்தாமணி. ஆற்றுத் தண்ணீர் குடித்த அவளுடைய பற்கள் தேங்காய்ப் பத்தையாக வெளுத்திருந்தன. கல்யாணத்தன்று ஆரத்தி எடுத்த பெண்கள் அவள் முகத்தைப் பார்த்ததைவிட வாயைப் பார்த்ததுதான் அதிகம். அவள் கணவன் செங்கோடன் அந்தச் சிரிப்பைக் கொஞ்ச காலம் ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான், பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்களையெல்லாம் சந்தேகப்பட்டான், கடைசியில் ஒரு தைப்பொங்கலன்று பித்தளைச் சொம்பால் அடித்து மேல்வரிசையில் இடப்பக்கத்துக் கோரைப்பல்லை விழவைத்தான். துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்ததாக அவள் சொன்னாள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லும்போது ஒரு பெண்ணின் உதடு எப்படிப் போகும் என்பதைப் பல வாய்களில் பார்த்த ஊர் அது, அதனால் யாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

செங்கோடன் குடித்துவிட்டு பைபாஸ் சாலையில் வண்டியோடு ஒரு லாரிக்கு அடியில் போய்ச் சேர்ந்த பிறகு, அடக்கம் முடிந்து, கருமாதி முடிந்து, வந்த சொந்தமெல்லாம் கைகழுவிவிட்டுக் கிளம்பிய பிறகு, அவன் உண்டாக்கிய அதே ஓட்டையில் ஒரு பல் முளைத்தது. முளைத்தது அவளுடைய பல் அல்ல. காவி வரி ஓடிய, அடியில் புகையிலைக் கறை தங்கிய, சோடா மூடியைக் கடித்துத் திறந்து திறந்து ஓரம் சில்லுப்போன ஆம்பளைக் கோரைப்பல். அவளுடைய வெள்ளை வரிசைக்கு நடுவில் அது, கல்யாண வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் போல நின்றது. தறிப்பட்டறையில் எதிர்த்தறிக்காரிதான் முதலில் பார்த்தாள். தன் தறியை நிறுத்தினாள், கிட்டே வந்தாள், சாந்தாமணியின் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“இது உங்க வூட்டுக்காரரு பல்லாச்சேக்கா” என்றாள். அவள் தறியில் நூல் அறுந்து கிடந்தது, போய்ப் பிணைத்துவிட்டு மறுபடியும் ஓட்ட ஆரம்பித்தாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. சோடாக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, சில்லுப்போன ஓரம் தன் கடை மூடி செய்த வேலைதான் என்று உறுதி சொன்னார், சொல்லும்போது அவர் கண் கலங்கியது. வந்தவர்களில் ஒருவர்கூட இது எப்படி நடக்கும் என்று கேட்கவில்லை. நடந்ததை என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய கவலையாக இருந்தது. புருஷன் பல் உயிரோடு இருக்கையில் பெண்சாதி எப்படித் தாலியறுத்தவள் ஆவாள் என்று ஒரு கட்சி, பல் இருந்தால் ஆயிற்றா, மற்றதெல்லாம் மண்ணுக்குள் இருக்கிறதே என்று ஒரு கட்சி. கோயில் மரத்தடியில் இரண்டு கட்சியும் பேசிப் பேசி, சாந்தாமணி பொட்டு வைக்கலாம், பூ வைக்கலாம், கல்யாணத்துக்கு வரலாம், ஆனால் ஆரத்தித் தட்டை மட்டும் தொடக்கூடாது என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவளைக் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அது அவர்கள் வழக்கமும் இல்லை. மறுநாள் நாத்தனார் வந்து பொட்டு வைத்துவிட்டுப் போனாள்.

அமாவாசைக்கு வைத்த சோற்றைக் காக்கை தொடவில்லை. தின்கிறவன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தின்கிறபோது காக்கைக்கு என்ன வேலை என்று ஊர் அதையும் சரியென்று எடுத்துக்கொண்டது. செங்கோடனின் கூட்டாளிகள் கறிக்கடையில் ஈரல் வாங்கி மிளகு போட்டு வறுத்து வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்து, “அக்கா, இடப்பக்கமாப் போட்டு மெல்லுங்க, அவனுக்கு ஈரல்னா உசுரு” என்று வாசலில் நின்றார்கள். கவிச்சி வாடையே ஆகாத வாய் அவளுடையது. ஒருநாள் ஒருவன் டம்ளரில் பிராந்தி ஊற்றிக் கொண்டுவந்து, குடிக்கவேண்டாம், வாயில் வைத்துக் கொப்புளித்துத் துப்பினால் போதும், நண்பனுக்கு ஒரு வாய் போய்ச் சேரும் என்று அழுதான். அவள் கதவைச் சாத்தப் போனாள். பல் கீழுதட்டில் இறங்கி ரத்தம் வருமளவு கடித்தது, டம்ளரை வாங்கிக் கொப்புளித்த பிறகுதான் விட்டது.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். சாந்தாமணிக்குப் பல் வந்த பிறகுதான் சொல் போனது. செங்கோடனுக்குப் பிடிக்காத பேச்சை அவள் எடுத்தால் முதல் எழுத்திலேயே பல் நாக்கைக் கடித்தது. அவன் அண்ணன் ராசப்பனைப் பற்றிக் குறை சொல்ல முடியவில்லை, பிறந்த வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று சொல்ல முடியவில்லை, அடித்தான் என்ற ஒரு சொல்லை அவள் ஒருமுறை சொல்லப் பார்த்தபோது நாக்கு நுனி இரண்டாகப் பிளந்து, கஞ்சியைக்கூட வலப்பக்கம் சாய்ந்து விழுங்கவேண்டி வந்தது. உயிரோடு இருந்தபோதாவது அவன் தூங்குகிற நேரம், குடித்துவிட்டு வெளியே கிடக்கிற நேரம் என்று இருந்தது. இப்போது அவன் அசந்து தூங்குகிற நேரமே இல்லை. எரித்திருந்தால் பல்லும் வெந்திருக்குமே, புதைத்ததுதான் தப்போ என்றுகூட அவளுக்கு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்ததற்கும் ஈறு விண்ணென்று தெறித்தது.

பக்கத்து டவுனில் பல் பிடுங்குகிறவர் ஒருவரிடம் போனாள். பிடுங்க வேண்டும் என்று சொல்ல முடியாதென்பதால் விரலால் தொட்டுக் காட்டினாள். அவரும் மறு பேச்சில்லாமல் பிடுங்கிப் பஞ்சு வைத்து அனுப்பிவிட்டார். அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெற்று ஈறை நாக்கால் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். கல்லடிப்பாளையம் பிரிவு ரோட்டுக்கு வருவதற்குள் பஞ்சைத் தள்ளிக்கொண்டு பல் வெளியே வந்துவிட்டது, முன்னைவிட அகலமாக, முன்னைவிட ஆத்திரமாக. நிறுத்தத்தில் இறங்கியபோது அவள் கன்னத்தின் உள்பக்கம் கிழிந்திருந்தது.

இதெல்லாம் அவளோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பாள், அத்தனை வருஷமும் அதைத்தானே செய்தாள். ஆனால் அவளுக்கு ஒரே மகள், கோகிலவாணி, டவுனில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், படிப்பு முடிய ஒரு வருஷத்துக்கும் குறைவாகவே இருந்தது. ராசப்பனின் மச்சினன் முத்துக்குமாரசாமி ஆழ்குழாய் போடும் வண்டி வைத்திருந்தான். பெண்சாதி செத்துப்போனவன். அவள் எதனால் செத்தாள் என்பதை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வராததைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும். ராசப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தார், சாந்தாமணியை நாற்காலியில் உட்காரவைத்தார், வாயைத் திறக்கச் சொல்லி அந்தப் பல்லின் மேல் டார்ச் அடித்தார்.

“தம்பி, கோகிலாவ நம்ம முத்துக்குமாருக்குக் குடுக்கலாம்னு இருக்கறேன். நீ என்ன சொல்ற?”

வேண்டாம் என்று சொல்லத்தான் சாந்தாமணி நாக்கை எடுத்தாள். பல் நாக்கின் மேல் இறங்கியது, தாடை கிட்டித்துக்கொண்டது, கண்ணில் நீர் கொட்டியது. ராசப்பன் டார்ச்சை அணைத்தார்.

“பாத்தீங்கல்ல? மறுபேச்சு இல்ல. பொண்ணக் கட்டிக்குடுக்கற சந்தோசத்துல அழுகறான் பாரு என்ற தம்பி.”

பெரியவர்கள் தலையாட்டினார்கள். வருகிற முகூர்த்தத்தில் உப்புச்சர்க்கரை மாற்றி உறுதி செய்துவிடுவது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். உப்பும் சர்க்கரையும் கைமாறிவிட்டால் அந்தப் பக்கத்தில் பாதிக் கல்யாணம் முடிந்ததாகக் கணக்கு, பிறகு பின்வாங்கினவர்கள் தலை நிமிர்ந்து ஊருக்குள் நடக்க முடியாது. கோகிலா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவர்கள் போன பிறகு வெளியே வந்து அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டாள், துடைத்த துணியைப் பார்த்தாள், மறுநாள் காலையில் அம்மாவைக் கையைப் பிடித்து டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் மெகருன்னிசா கோகிலாவின் காலேஜுக்கு எதிரில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்தார். சாந்தாமணியின் வாயைப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது ஆம்பளைப் பல்லு” என்றார். “வேரு கண்ணுக்குழி வரைக்கும் போயிருக்கு. போற வழியில இருந்த எலும்பையெல்லாம் தின்னுட்டுப் போயிருக்கு.”

“எங்கப்பாவுதுங்க டாக்டர்” என்றாள் கோகிலா.

டாக்டர் தலையசைத்தார். முதலில் மரத்துப்போகிற ஊசியை ஈறில் இரண்டு இடத்தில் போட்டார். கொஞ்ச நேரத்தில் சாந்தாமணியின் இடக்கன்னம் கல்லாகக் கனத்தது, உதடு ஒருபக்கம் தொங்கியது, பல் தூங்கிப்போயிற்று. வாய்க்குள் அப்படியொரு அமைதியை அவள் செங்கோடன் உயிரோடு இருந்தபோதும் கண்டதில்லை. பேசிப்பார்த்தாள். குளறலாக, எச்சில் ஒழுக ஒழுக, அவள் நினைத்த சொல்லே வெளியே வந்தது.

“என்னென்ன வழியிருக்குதுங்க டாக்டரம்மா? எல்லாத்தையுஞ் சொல்லுங்க. இவன் எந்திரிக்கறதுக்குள்ள சொல்லுங்க.”

“புடுங்கிட்டு அப்படியே விட்டா என்ன ஆகும்னு நீங்களே பாத்துட்டீங்க. கழட்டி மாட்டுற பல்லு ஒண்ணு செஞ்சு தரலாம். ஆனா அதைத் தினமும் கழட்டித் தண்ணியில போட்டுட்டுத்தான் படுக்கணும், நீங்க எப்பக் கழட்டுவீங்கன்னு பாத்துட்டிருந்து அவரு வந்துருவாரு. இருக்கிறதுலயே நல்லது இம்ப்ளாண்ட். எலும்புல திருகு எறக்கி அதுமேல பல்லு வைக்கிறது, பக்கத்துப் பல்லுக்கு ஒரு சேதமும் இல்ல. ஆனா திருகு நிக்கிறதுக்கு எலும்பு வேணுமேம்மா, அதத்தான் அவரு விட்டுவைக்கலையே. புதுசா எலும்பு வச்சு, அது ஒட்டி, ஆறி வர்றதுக்கு மாசக்கணக்காகும். அதுவரைக்கும் அந்த இடம் காலியாத்தான் கிடக்கும்.”

“அவ்வளவு நாள் இல்லீங்க டாக்டர்” என்றாள் கோகிலா.

“அப்ப பிரிட்ஜ்தான் மிச்சம்.” அதைச் சொல்ல டாக்டருக்கு மனமில்லை என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது. மேஜையிலிருந்து ஒரு மாதிரி வாயை எடுத்துக் காட்டினார். “முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, பக்கத்துப் பல்லு ரெண்டையும் சுத்தித் தேய்ச்சு முளைக்குச்சியா ஆக்கிருவோம். அதுமேல மூணு பல்லு ஒண்ணாச் சேந்த தொப்பி. நடுவுல இருக்கிறது சும்மா அந்தரத்துல நிக்கும், பாரம் பூரா பக்கத்துல இருக்கிற ரெண்டும்தான் தாங்கும். இன்னைக்கே தற்காலிகமா ஒண்ணு ஒட்டி அனுப்பிருவேன், நல்லது செஞ்சு வர ஒரு வாரம். ஆனா அம்மா, அந்த ரெண்டு பல்லுலயும் ஒரு குறையும் இல்ல. இந்தப் பக்கத்துல இப்படி ஒரு பல்லு நான் பாத்ததே இல்ல. தேய்ச்சா தேய்ச்சதுதான், வளராது. நாளைக்கு இதுல ஒண்ணு கெட்டாலும் மூணும் போச்சு.”

“மூடினதுக்கப்பறம் இவன் செத்துருவானுங்களா?”

“மாட்டாரு. பிரிட்ஜ் மூடத்தான் மூடும். அடியில ஈறு உயிரோடதான் இருக்கும். தினமும் நூல் விட்டுச் சுத்தம் பண்ணணும், கெட்டியா எதையும் கடிக்கக்கூடாது, ரெண்டு பல்லும் எவ்வளவு நாள் தாங்குதோ அவ்வளவு நாள்.”

சாந்தாமணி அந்த இரண்டு பல்லையும் நாக்கால் தொட்டுப் பார்க்க நினைத்தாள், நாக்கும் மரத்திருந்தது, விரலை விட்டுத் தொட்டாள். அப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பண்டபாத்திரம், நகை, நட்டு எல்லாம் எப்போதோ போன வழி தெரியாமல் போயிருந்தன. பிறந்த ஊர்த் தண்ணீர் மிச்சம் இருந்தது இந்த வாய்க்குள்தான். சொம்படிக்கும் அசையாமல் நின்ற பற்கள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, பாதி முகம்தான் அழுதது, மீதிப் பாதி மரத்துக் கிடந்தது.

“தேச்சுருங்கம்மா” என்றாள். “பல்லத் தேச்சாப் பல்லோட போகுது. உட்டுட்டன்னா என்ற புள்ளையத் தேச்சுருவாங்க.”

பல்லைப் பிடுங்கியபோது அது பீங்கான் தட்டில் விழுந்து, திறக்க ஒரு மூடி தேடுவதைப் போலக் கொஞ்ச நேரம் கடகடத்தது. டாக்டர் அதைப் பார்க்கவில்லை, பார்க்க நேரமில்லை. ஈறு அதற்குள் காவியாகத் துளிர்க்க ஆரம்பித்திருந்தது. இயந்திரம் கூவியது. ஆற்றுத் தண்ணீர் குடித்த இரண்டு பல்லும் மாவாகி, அந்த மாவு தண்ணீரோடு கலந்து குழாய் வழியாகப் போயிற்று. எலும்பு கருகுகிற வாடை அறை முழுக்க அடித்தது. கோகிலா அம்மாவின் காலடியில் நின்று இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டாக்டர் தற்காலிகத் தொப்பியைப் பசை வைத்து அழுத்திப் பிடித்தபோது, அடியிலிருந்து அது ஒருமுறை முட்டியது, இன்னொரு முறை முட்டியது, பிறகு அடங்கிற்று.

நல்ல பிரிட்ஜ் வருவதற்கு முன்பே முகூர்த்த நாள் வந்துவிட்டது. அதுவரை சாந்தாமணி வாயைத் திறக்காமல் முந்தானையால் மூடிக்கொண்டு திரிந்தாள், பல்வலி என்று நினைத்து ஊர் விட்டுவிட்டது. அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டார்கள், தெருவில் தறியை நிறுத்தினார்கள், முத்துக்குமாரசாமி வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினான். தட்டில் உப்பும் சர்க்கரையும் தயாராக இருந்தன. முறைப்படி கேட்டுவிடுவோம் என்று ராசப்பன் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் வந்தார்.

“வாயத் தொற அம்மிணி. தம்பி, சம்மதந்தானே?”

அவள் முந்தானையை எடுத்தாள். வாயைத் திறந்தாள். வரிசை முழுக்க வெள்ளையாக இருந்தது.

“சம்மதமில்லீங்க மாமா” என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தன் குரல் புதிதாகக் கேட்டது, அதனால் இன்னும் உரக்கச் சொன்னாள். “என்ற புள்ளைக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அவனுக்கு நான் குடுக்கமாட்டேன். உங்க தம்பி என்னை அடிச்சாருங்க. சொம்புல அடிச்சு என்ற பல்ல ஒடைச்சாருங்க. கல்லுல வழுக்கியெல்லாம் நான் விழுகலைங்க.”

இத்தனை வருஷம் தேக்கிவைத்த சொல்லையெல்லாம் அவள் அந்தப் பந்தலில் கொட்டினாள், ஆனால் அதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள், ஓரம் சில்லுப்போகாத, காவி ஓடாத அந்த இடத்தைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“ஐயோ, எங்கண்ணன் போயிட்டானே! என்ற பொறந்தவனே, மறுக்காவும் போயிட்டியா!”

அவ்வளவுதான். பந்தலிலிருந்த பெண்களெல்லாம் மாரடிக்க ஆரம்பித்தார்கள். சோடாக் கடைக்காரர் கடையைச் சாத்த ஓடினார். செங்கோடனின் கூட்டாளிகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். விசேஷத்துக்குப் பேசிவைத்திருந்த மேளக்காரர்கள் பெரியவர்களின் முகத்தைப் பார்த்தார்கள், பெரியவர்கள் தலையாட்டினார்கள், மேளக்காரர்கள் அடியை மாற்றிக்கொண்டு சாவுக்கு அடிக்கத் தொடங்கினார்கள். முத்துக்குமாரசாமியின் பக்கத்து ஆட்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். எழவு விழுந்த வீட்டில் உப்புச்சர்க்கரை மாற்றக்கூடாது, வருஷம் திரும்புகிறவரை அந்த வீட்டில் ஒரு நல்ல காரியமும் எடுக்கக்கூடாது. யாரும் அதை எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை, தட்டைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்கள்.

வருஷம் திரும்புவதற்குள் கோகிலா படிப்பை முடித்து, எங்காவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய்விடுவாள், அங்கிருந்து அவளை ஒருவரும் கூட்டிவர முடியாது. சாந்தாமணிக்கு அது புரிந்தது. அவள் மகளைத் தேடினாள். கோகிலா வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அப்போதுதான் ராசப்பன் கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார்.

“சும்மா அழுது என்ன ஆகுது? ஆகவேண்டியதப் பாருங்க. வாய்க்கரிசி போடோணும்.”

“அன்னைக்கே போட்டாச்சேப்பா” என்றார் ஒரு பெரியவர்.

“அன்னைக்குப் போட்டது அந்த வாய்க்கு” என்றார் ராசப்பன். “அவன் உசுரு விட்டது இந்த வாய்ல.”

எல்லோரும் அதை யோசித்தார்கள், யோசித்த அத்தனை பேருக்கும் அது நியாயமாகவே பட்டது. வாய்க்கரிசி இல்லாமல் ஒருவனை அனுப்புவது பாவம். வாய்க்கரிசி வாங்கிப் போகாதவன் போனவன் ஆகமாட்டான், அவன் போகவில்லையென்றால் அந்த வீட்டில் எழவும் இல்லை. சாந்தாமணி இரண்டடி பின்னால் போனாள். “நான் உசுரோட இருக்கறனுங்க மாமா” என்றாள்.

“உன்னய யாரு இல்லைங்கறா? நாங்க தம்பிக்குத்தான் போடறோம்” என்றார் ராசப்பன். பிறகு கிட்டே வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, கோபமே இல்லாமல் சொன்னார். “வேண்டாம்னாச் சொல்லீரு அம்மிணி. அவன் சாகலைன்னு வச்சுக்கலாம். மாப்பளை வண்டி இன்னும் கெளம்பல.”

தெருமுனையில் வண்டியின் கதவு திறந்தே இருந்தது. முத்துக்குமாரசாமி ஒரு காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தான். சாந்தாமணி அவனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், போய்ப் பந்தல் நடுவில் போட்டிருந்த பெஞ்சில் மல்லாந்து படுத்தாள். யாரோ அவள் தலையைத் தெற்குப் பக்கமாகத் திருப்பிவைத்தார்கள். யாரோ பொட்டை அழித்தார்கள். வளையல்களை உடைத்தார்கள். முறத்தில் பச்சரிசி வந்தது.

ராசப்பன் முதலில் போட்டார். அப்புறம் நாத்தனார், அப்புறம் பங்காளிகள், அவர்கள் பெண்சாதிகள், கூட்டாளிகள், எதிர்த்தறிக்காரி, சோடாக் கடைக்காரர். ஒவ்வொருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று விரலால் அரிசியை எடுத்து, அவளைச் சுற்றி வந்து, போய் வா சாமி, போய் வா மாப்ளே, போய் வாடா தம்பி என்று சொல்லி அவள் திறந்த வாயில் போட்டார்கள். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அரிசி நாக்குக்கு அடியில் இறங்கியது, தொண்டையை அடைத்தது, தேய்த்துக் குச்சியாக்கிய இரண்டு பல்லின் ஓரத்திலும் ஊசியாகக் குத்தியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. செத்தவர்கள் இதையெல்லாம் எப்படித் தாங்குகிறார்கள் என்று நினைத்தாள்.

கடைசியாகக் கோகிலாவைக் கூப்பிட்டார்கள். அவள் கைக்குள் அரிசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், நின்றவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“போடு கண்ணு” என்றார் ராசப்பன். “பெத்த புள்ள போடாம அவன் ஆத்துமா அடங்காது.”

“எங்கம்மாவுக்கு மூச்சு முட்டுது பெரியப்பா.”

“அப்பனுக்குப் போடறே நீ. போடு.”

சாந்தாமணி கண்ணால் சொன்னாள். கோகிலா குனிந்து, விரலைப் பிரித்து, அம்மாவின் வாயில் அரிசியைப் போட்டாள். அந்த அரிசி விழுந்ததும் பிரிட்ஜுக்கு அடியில் அவன் விழித்துக்கொண்டான். பசை விட்டுக்கொடுப்பது சாந்தாமணிக்குத் தெரிந்தது, முளைக்குச்சி இரண்டும் வேரோடு ஆடுவது தெரிந்தது. மகள் கையால் போட்ட சோறல்லவா. அவளுடைய தாடை, அவள் அசைக்காமலே, ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது. அரிசி நொறுங்கியது. அவன் மெல்ல ஆரம்பித்துவிட்டான்.

பெஞ்சின் மேல் குனிந்திருந்த கோகிலா மட்டும் அதைப் பார்த்தாள். இடக்கன்னம் துடித்து அடங்கியது, மறுபடியும் துடித்தது. அம்மாவின் இரண்டு கைகளும் பெஞ்சுச் சட்டத்தை நரம்பு புடைக்கப் பிடித்திருந்தன, அவள் தன் பலம் முழுவதையும் கொண்டு வாயை மூடப் பார்த்தாள், மூடியதைத் திறந்து அவன் தின்னப் பார்த்தான். இன்னும் ஒருமுறை அந்தத் தாடை அசைந்தால் அவன் சாகவில்லை என்பது பந்தலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெருமுனையில் வண்டி நின்றுகொண்டிருந்தது.

செத்தவர்களுக்கு வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடைக்கு அடியில் துணி கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போடுவார்கள். ஆஸ்பத்திரியில் அதைச் சரியாகக் கட்டுவதற்குக் கோகிலாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் தோளிலிருந்த துப்பட்டாவை உருவி, அம்மாவின் தாடைக்கு அடியில் கொடுத்து, கன்னங்களின் மேலாக ஏற்றி, தலைக்கு மேல் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள். துணிக்குள் பல்லும் அரிசியும் நறநறத்தது அவள் விரலுக்குத் தெரிந்தது. அம்மாவின் கண்கள் அவளையே பார்த்தன, இன்னும் என்றன. அவள் இன்னும் இறுக்கினாள். வெள்ளைத் துப்பட்டாவில் கோரைப்பல் இருக்குமிடத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது, அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

“வாய் மூடிருச்சா கண்ணு?” என்று ராசப்பன் பின்னாலிருந்து கேட்டார்.

“மூடிருச்சுங்க பெரியப்பா” என்றாள் கோகிலா, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.